ராத்திரி வைக்கும் மாத்திரைக்குப் பதில் நானோ ஜெல் கேட்கலாமா?

கேள்வி: டாக்டர், என் முதல் குழந்தை 31 வாரத்திலேயே பிறந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் இன்குபேட்டரில் இருந்து, இப்போது நன்றாக இருக்கிறது. மறுபடி கர்ப்பமாகி 20 வாரம் ஆகிறது. போன வாரம் உள்வழி ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் 21 மில்லிமீட்டர் என்றார்கள். தினமும் ராத்திரி 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலை உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் எழுந்தால் எல்லாம் ஒழுகிக் கிடக்கிறது, எரிச்சல் வேறு. மருந்து உடம்பில் சேர்கிறதா, வீணாகிறதா என்றே தெரியவில்லை. சில வருடங்களுக்கு முன் என் அக்காவுக்கும் முதல் பிரசவம் குறைமாதம்தான். இரண்டாவதற்கு வாரம் ஒரு ஊசி போட்டார்கள், நிறைமாதத்தில் பெற்றாள். இப்போது நானோ ஜெல், மருந்து வளையம், நேராகக் கருப்பைக்கே போய்ச் சேரும் மருந்து என்றெல்லாம் படிக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் இந்தப் பழைய முறை? புதியதைக் கேட்டு வாங்கலாமா? அல்லது அக்காவுக்குப் போட்ட ஊசியையாவது கேட்கலாமா?

பதில்: நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் படித்த நானோ ஜெல்லும், மருந்து வளையமும், கருப்பையைத் தேடிப் போகும் மருந்தும் குறைப்பிரசவத்தைத் தடுப்பதற்காக மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் நிலைக்கு இன்னும் வரவில்லை. பெரும்பாலானவை எலிகளைத் தாண்டவில்லை. அக்காவுக்குப் போட்ட ஊசியைக் கேட்க வேண்டாம். அதன் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் ராத்திரி கேப்ஸ்யூலை விடாமல் வையுங்கள். அதைப் 'பழைய முறை' என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கர்ப்பகாலம் முழுவதும் கருப்பைத் தசையைச் சுருங்கவிடாமல் அமைதியாக வைத்திருப்பதும், கருப்பை வாயை இறுக்கமாக மூடி வைத்திருப்பதும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் வேலை. இதை மாத்திரையாக விழுங்கினால் என்ன ஆகும்? குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். மிச்சம் கொஞ்சம்தான் ரத்தத்துக்கு வரும். சிதைந்த பொருள்களில் ஒன்று மூளையில் வேலை செய்து தூக்கக் கலக்கத்தைத் தரும். வாய்வழி புரோஜெஸ்டிரோன் சாப்பிட்டவர்கள் பகலெல்லாம் மந்தமாக இருக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

அதே மருந்தைப் பிறப்புறுப்பு வழியாக வைத்தால் கல்லீரல் குறுக்கே வராது. இன்னொரு வினோதமும் இருக்கிறது. இந்த வழியில் கொடுத்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஊசி போட்டதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் கருப்பைத் திசுவில் அளவு அதிகமாக இருக்கும். 1990-களில் இதைக் கண்டபோது ஆய்வாளர்களுக்கே ஆச்சரியம். அறுவை செய்து எடுத்த கருப்பைகளில் கீழ்ப்பக்கம் மருந்தை வைத்து, அது சில மணி நேரத்தில் மேல்நோக்கிப் பரவுவதை அளந்து பார்த்தார்கள். அக்கம்பக்கத்து ரத்தக்குழாய்கள் வழியாகவும் திசு வழியாகவும் மருந்து நேரே கருப்பைக்கு ஏறிவிடுகிறது. ஆக, 'நேராகக் கருப்பைக்கே போய்ச் சேரும் மருந்து' என்று நீங்கள் செய்தியில் படித்தீர்களே, அதில் நடைமுறைக்கு வந்து நிலைத்த ஒன்று உங்கள் தலையணைப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். 2007-ல் வெளியான ஆய்வில், கருப்பை வாய் 15 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்த பெண்களுக்கு, உங்களுக்குக் கொடுத்திருக்கும் அதே 200 மில்லிகிராமை ராத்திரி வைக்கக் கொடுத்தார்கள். 34 வாரத்துக்கு முன் தானாகப் பிரசவமானவர்கள் மருந்து வைத்தவர்களில் 100-க்கு 19 பேர், வெற்று மாத்திரை வைத்தவர்களில் 34 பேர். 2011-ல் 90 மில்லிகிராம் ஜெல்லை வைத்து, கருப்பை வாய் 10 முதல் 20 மில்லிமீட்டர் இருந்தவர்களிடம் இன்னொரு ஆய்வு நடந்தது. 33 வாரத்துக்கு முன் பிரசவம் கிட்டத்தட்ட 16 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. எல்லா ஆய்வும் இப்படி அமையவில்லை. 2016-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் 2021-ல், பல ஆய்வுகளில் பங்கேற்ற ஒவ்வொரு பெண்ணின் தரவையும் ஒன்றாகச் சேர்த்து அலசியபோது, ஒற்றைக் குழந்தையைச் சுமக்கும், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 34 வாரத்துக்கு முந்தைய பிரசவம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று தெரிந்தது. கருப்பை வாய் குட்டையாக இருப்பவர்கள் விஷயத்தில் ஆதாரம் இன்னும் தெளிவு. முன்பு குறைப்பிரசவம் நடந்திருக்கிறது, ஆனால் கருப்பை வாய் நீளமாகவே இருக்கிறது என்பவர்களுக்குக் கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது, அதனால் அந்த விவாதத்துக்குள் நாம் போக வேண்டியதில்லை.

இனி ஊசி. அக்காவுக்குப் போட்டது பெரும்பாலும் ஹைட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் காப்ரோயேட் ஆக இருக்கும். பெயரில் புரோஜெஸ்டிரோன் இருந்தாலும் இது உங்கள் கேப்ஸ்யூலில் உள்ள மருந்து அல்ல. ஆய்வகத்தில் மாற்றியமைத்த வேறொரு மூலக்கூறு. விளக்கெண்ணெயில் கரைத்துத் தசையில் போட்டால் மெல்ல மெல்லக் கசிந்து வெளிவரும், வாரம் ஒன்று போதும். 2003-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் அபாரமான முடிவு வந்தது. முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களில் மீண்டும் 37 வாரத்துக்கு முன் பெற்றவர்கள் ஊசி போட்டவர்களில் 36 சதவீதம், வெறும் எண்ணெய் ஊசி போட்டவர்களில் 55 சதவீதம். 2011-ல் அந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு விரைவு அனுமதி கொடுத்தது. விரைவு அனுமதி என்றால் நிபந்தனையுடன் கூடியது: இன்னொரு பெரிய ஆய்வு நடத்திப் பலனை உறுதிப்படுத்திக் காட்ட வேண்டும்.

அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே 2018-ல் புது வடிவம் ஒன்று வந்தது. தசையில் குத்தும் பெரிய ஊசி வேண்டாம், மேற்கையின் பின்புறத் தோலுக்கு அடியில் தானாகவே மருந்தைச் செலுத்தும் சின்னக் கருவி. மெல்லிய ஊசி, கண்ணுக்கே தெரியாது. பெண்களுக்குப் பிடித்திருந்தது, மருத்துவர்களுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதற்கு அனுமதி கிடைத்தது எதை வைத்து? பழைய ஊசியும் புதுக் கருவியும் ரத்தத்தில் ஒரே அளவு மருந்தைச் சேர்க்கின்றனவா என்ற ஒப்பீட்டை வைத்து. குழந்தைகள் எத்தனை வாரத்தில் பிறந்தன என்ற கேள்வி அந்த ஒப்பீட்டில் இல்லவே இல்லை.

2019-ல் அந்த உறுதிப்படுத்தும் ஆய்வின் முடிவு வெளியானது. 1,700-க்கும் மேற்பட்ட பெண்கள். 35 வாரத்துக்கு முன் பிரசவம் மருந்துக் குழுவில் 11 சதவீதம், வெற்று ஊசிக் குழுவில் 11.5 சதவீதம். அதாவது வித்தியாசமே இல்லை. 2023 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. அனுமதியைத் திரும்பப் பெற்றது. நோகாத கருவியும் அதோடு சேர்ந்து போயிற்று. 2024-ல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்களும் இந்த மருந்தை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள்.

செலுத்தும் வழியைப் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் எனக்கு இந்தக் கதைதான் முதலில் நினைவுக்கு வரும். வழி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதில் போகும் சரக்குக்குப் பலன் இருந்தால்தான் உண்டு.

சரி, அக்காவுக்கு மட்டும் எப்படி நிறைமாதம்? அந்த 2003 ஆய்வையே பாருங்கள். மருந்தே இல்லாத குழுவிலும் 45 சதவீதம் பேர் 37 வாரத்தைத் தாண்டினார்கள், அதுவும் ஆபத்து மிக அதிகமாக இருந்த ஒரு குழு அது. ஒரு முறை குறைப்பிரசவம் ஆன பலருக்கு அடுத்தது எந்த மருந்தும் இல்லாமலே நிறைமாதத்தில் ஆகும். அக்காவிடம் போய் 'உன் ஊசி வேஸ்ட்' என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று கையில் இருந்த ஆதாரத்தை வைத்து அவருடைய மருத்துவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

இப்போது நீங்கள் படித்த புதியவற்றுக்கு வருகிறேன். எனக்கும் இவற்றில் ஆர்வம் உண்டு.

நானோ ஜெல் என்று நீங்கள் படித்தது பெரும்பாலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழுவின் வேலையாக இருக்க வேண்டும். பிறப்புறுப்பின் உட்பக்கம் முழுக்கச் சளிப்படலம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் எதையும் பிடித்து வெளியே தள்ளுவதற்கென்றே அமைந்த படலம் அது. கிருமியைத் தள்ளுவது போலவே மருந்துத் துகளையும் தள்ளிவிடும். அவர்கள் மருந்தை மிக நுண்ணிய துகள்களாக அரைத்து, சளியில் ஒட்டாத ஒரு மேற்பூச்சைக் கொடுத்தார்கள். துகள் படலத்தின் கண்ணிகளுக்குள் நுழைந்து திசுவைத் தொட்டுவிடுகிறது. 2021-ல் வெளியான ஆய்வில், புரோஜெஸ்டிரோனோடு டிரைகோஸ்டாட்டின் ஏ என்ற வேறொரு மருந்தையும் இப்படித் துகளாக்கி, அழற்சியை உண்டாக்கிக் குறைப்பிரசவம் தூண்டப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தார்கள். குட்டிகள் உயிரோடு பிறந்தன. நல்ல செய்திதான். ஆனால் எலியின் கர்ப்பம் மூன்று வாரம்கூட இல்லை. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. எலிக்குப் பிரசவம் நெருங்கும்போது ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் சரிந்துவிடும். மனிதப் பெண்ணுக்கு அப்படிச் சரிவதில்லை. நஞ்சுக்கொடி வெளியே வரும் வரை அளவு உயர்வாகவே இருக்கும், கருப்பைதான் அந்த ஹார்மோனின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. ஆகவே எலிக்கு வேலை செய்த புரோஜெஸ்டிரோன் மனிதருக்கும் அதே மாதிரி வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

என்னை மிகவும் ஈர்ப்பது வேறொரு வழி. கருப்பைத் தசையின் மேல் ஆக்சிடோசின் ஏற்பிகள், அதாவது கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள், நிறைய இருக்கும், பிரசவம் நெருங்க நெருங்க இன்னும் கூடும். லிப்போசோம் எனப்படும் நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் மருந்தை அடைத்து, அதன் மேல் அந்த ஏற்பியை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைப் பொருத்தி ரத்தத்தில் விட்டால், முகவரி எழுதிய கடிதம் போல அது கருப்பையில் போய் இறங்கும். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் குழு 2017-ல் இதைச் செய்து காட்டியது. பெண்கள் சம்மதத்தோடு தந்த கருப்பைத் தசைத் துணுக்குகளில் சுருக்கத்தை நிறுத்தினார்கள், எலிகளில் குறைப்பிரசவத்தைக் குறைத்தார்கள்.

இதில் ஏன் இவ்வளவு ஆர்வம் என்றால், குறைப்பிரசவத்தில் எங்கள் பெரிய தலைவலி மருந்து குழந்தைக்கும் போய்விடுவதுதான். இண்டோமெதசினை எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கத்தை நன்றாகவே அடக்கும். ஆனால் நஞ்சுக்கொடியைக் கடந்து, குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில் பிறக்கும் வரை திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். பனிக்குட நீரையும் குறைக்கும். அதனால் 32 வாரத்துக்கு மேல் கொடுக்கத் தயங்குகிறோம், அதற்கு முன்பும் ஓரிரு நாள்தான். அதே இண்டோமெதசினைக் குமிழிக்குள் அடைத்துக் கொடுத்தபோது, எலிகளில் குட்டிகளுக்குள் போன அளவு வெகுவாகக் குறைந்தது. தாயிடம் தங்கி, குழந்தையைத் தொடாத மருந்து என்பது மனிதருக்கும் சாத்தியமானால், ஆபத்து என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் பல மருந்துகளை மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

மருந்து வளையம் எளிமையான யோசனை. வளையும் தன்மையுள்ள வளையத்தில் புரோஜெஸ்டிரோனை ஏற்றி உள்ளே வைத்துவிட்டால், சீராகக் கசிந்துகொண்டிருக்கும். இரண்டு வாரம் வரை தாங்கக்கூடிய வளையத்தை உருவாக்கிவருகிறார்கள். மருந்து தெரிந்த மருந்து, வழியும் தெரிந்த வழி. அதனால் இந்த வரிசையில் முதலில் கைக்கு வரக்கூடியது இதுதான் என்பது என் கணிப்பு. தினமும் வைப்பது, மறப்பது, ஒழுகுவது என்ற உங்கள் புகார்களுக்கும் இதுதான் நேரான பதிலாக இருக்கும். இதோடு பெஸரியைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது மருந்தே இல்லாத சிலிகான் வளையம், கருப்பை வாயைச் சுற்றி மாட்டுவது. 2012-ல் ஒரு ஆய்வு அதைத் தூக்கி வைத்தது. 2023-ல் வெளியான இன்னொரு ஆய்வையோ, பலன் இல்லாததாலும் பெஸரி மாட்டிய குழுவில் குழந்தை இறப்பு கூடுதலாகத் தெரிந்ததாலும் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

இவ்வளவு தெரிந்தும் ஏன் தாமதம் என்று கோபம் வரலாம். கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுப்பதில் மருத்துவத்துக்கு ஒரு பழைய வடு இருக்கிறது. டை எதில் ஸ்டில்பெஸ்டிரால் என்ற செயற்கை ஹார்மோன் 1938-ல் உருவானது. கருச்சிதைவையும் குறைப்பிரசவத்தையும் தடுக்கும் என்று லட்சக்கணக்கான பெண்களுக்குக் கொடுத்தார்கள். பலன் இல்லை என்று 1953-லேயே ஆய்வு சொன்னது, ஆனாலும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1971-ல்தான் தெரிந்தது, அந்தத் தாய்மாருக்குப் பிறந்த பெண்களில் சிலருக்கு இளவயதிலேயே பிறப்புறுப்பில் அபூர்வமான புற்றுநோய் வருகிறது என்று. மருந்து சாப்பிட்டது தாய், விளைவு வந்தது மகளுக்கு, அதுவும் 15, 20 வருடம் கழித்து. நானோ துகளுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நஞ்சுக்கொடியில் தங்குமா, குழந்தையிடம் போகுமா, போனால் என்ன செய்யும்? இதற்கு அவசரமாகப் பதில் சொல்ல முடியாது.

சரி, உங்கள் கேப்ஸ்யூல். காலையில் ஒழுகுவது பெரும்பாலும் மருந்தைச் சுமந்து வந்த எண்ணெயும் கரைந்த மேலுறையும்தான். ராத்திரி முழுக்கப் படுத்திருக்கும் நேரத்தில் மருந்து உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். ஒழுகுகிறதே என்று இன்னொன்றைச் சேர்த்து வைக்காதீர்கள். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, கையைக் கழுவி, படுக்கையில் படுத்தபடியே விரல் எட்டும் ஆழத்துக்கு வைத்துவிட்டு எழாமல் தூங்கிவிடுங்கள். டேம்பான் வேண்டாம், அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய பேடு போதும். எரிச்சல் தாங்கவில்லை என்றால் உங்கள் மருத்துவரிடம் ஜெல் வடிவத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கேட்க வேண்டிய மாற்றம் இதுதான். அதற்கு முன் எரிச்சலுக்குக் காரணம் மருந்தா, பூஞ்சைத் தொற்றா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். அரிப்போ, தயிர் மாதிரி வெள்ளைப்படுதலோ இருந்தால் தொற்றாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை சுலபம். இன்னொன்று: சில புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல்களில் நிலக்கடலை எண்ணெய் இருக்கும். உங்களுக்குக் கடலை ஒவ்வாமை இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள். வழக்கமாக 36 வாரம் வரையாவது தொடர்வோம், நடுவில் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு தானாகக் குறைப்பிரசவம் ஆகி, இப்போது 24 வாரத்துக்குள் கருப்பை வாய் 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருப்பவர்களுக்குக் கருப்பை வாய்த் தையலும் ஒரு வழி. உங்கள் முதல் பிரசவம் தானாக வலி வந்தோ பனிக்குடம் உடைந்தோ ஆனதா, அல்லது ரத்த அழுத்தம் மாதிரி வேறு காரணத்துக்காக மருத்துவர்களே எடுத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பின்னதாக இருந்தால் கணக்கே வேறு. முன்னதாக இருந்தால், தையல் தேவையா, எந்த அளவுக்குக் கீழே குறைந்தால் போடுவீர்கள் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 24 வாரம் தாண்டிவிட்டால் பொதுவாக அந்த வாய்ப்பு போய்விடும். உங்களுக்கு இப்போதே 20 வாரம்.

முழு நேரமும் படுத்தே இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதனால் குறைப்பிரசவம் தள்ளிப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். விட்டு விட்டு வயிறு இறுகுவது, கீழ்முதுகில் மாறாத வலி, அடிவயிற்றில் அழுத்தம், நீர் கசிவது, ரத்தம் படுவது, இதில் எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சீக்கிரம் வந்தால் குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கும் ஸ்டீராய்டு ஊசியைப் போட நேரம் கிடைக்கும். 1972-ல் நியூசிலாந்திலிருந்து வந்த அந்த ஊசி ஒரு நாள் இடைவெளியில் இரண்டு தடவை, சாதாரணமாகத் தசையில் போடுவதுதான். குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றியதில் அதற்கு நிகராக நான் சொல்லக்கூடிய மருந்து அதிகம் இல்லை.

அடுத்த ஸ்கேனை எப்போது வைத்திருக்கிறார்கள் என்றும் எழுதவில்லை. 21 மில்லிமீட்டரில் இருப்பவரை நானாக இருந்தால் ஓரிரு வாரத்தில் மறுபடி அளந்து பார்ப்பேன். தேதி சொல்லாமல் விட்டிருந்தால் நாளைக்கே போன் செய்து கேளுங்கள்.